கன்று நடும் முன் கேளுங்கள்: விதை எத்தனை மரத்தினுடையது?

மரக்கன்று நடப் போகிறீர்களா? எத்தனை கன்று என்று எல்லோரும் கேட்பார்கள். அவற்றின் விதை எத்தனை தாய்மரங்களில் எடுத்தது என்று கேட்பவர்கள் குறைவு.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அதே ஊரின் மே மாத வெயில் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் மரம் நின்ற இடத்திலேயே தாங்கியாக வேண்டும். ஒரே இனத்திலும் ஒரு மரம் வறட்சியைத் தாங்கும். இன்னொன்று தேங்கிய நீரைத் தாங்கும். வேறொன்றைப் பூச்சி அண்டாது. இந்த வேறுபாட்டைத்தான் மரபணு வளம் என்கிறோம். நூறு கன்றும் ஒரே வேம்பின் பிள்ளைகள் என்றால், தாயின் பலவீனம் பலவற்றுக்கும் வந்துவிடும். ஒரே மரத்திலிருந்து பெருக்கிய குளோன் சவுக்கு, கம்புக்கும் காகிதக் கூழுக்கும் சரி. காட்டுக்குச் சரிவராது.

விழுப்புரம் கடலோரத்தின் சொந்தக் காடு, உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசா, பாலை போன்ற மரங்கள் இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்த்திருப்பீர்கள். சாமிக்குப் பயந்து யாரும் கோடரி வைக்காததால் பிழைத்த காடு அது. (ஐயனார்தான் நம் பழைய விதை வங்கி!) ஆனால் இவை துண்டு துண்டாக நிற்பதுதான் சிக்கல். மகரந்தம் வெளியிலிருந்து வராமல் உறவுக்குள்ளேயே சுற்றினால், தலைமுறை போகப் போக விதை நலிந்துவிடும். இடையிலுள்ள ஏரிக்கரையிலும் வரப்பிலும் அதே மரங்கள் நின்றால், தேனீயும் பறவையும் போய்வர வழி கிடைக்கும்.

உங்கள் ஊரில் கோயில் காடு இருக்கிறதா? ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் சொல்லி, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, உள்ளாட்சிகளைக் கலந்து மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில் காடு 2025-இல் அப்படி அறிவிக்கப்பட்டது.

விதை எடுப்பவர்கள், முடிந்தால் 25 மரங்களுக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று நூறு மீட்டராவது தள்ளி நிற்கும் மரங்களில் சமமாக எடுங்கள். கோயில் காடென்றால் முதலில் ஊராரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் அனுமதி கேளுங்கள். நாவல், வேம்பு விதைகளை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே போய்விடும். பழம் உதிரும் பருவத்திலேயே பையில் ஊன்றிவிடுங்கள்.