பழைய ஸ்போர்ட்ஸ் கார்மீது ஒரு பித்து

மனிதனுக்கு வாய்க்கும் பித்துகள் பலவகை. ஒருவர் முத்திரை சேர்ப்பார். மற்றொருவர் புறா வளர்ப்பார். வேறொருவர் பழைய நாணயங்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கி மகிழ்வார். இவர்கள் எல்லோரையும்விட அதிகப் பொருளையும் பொறுமையையும் செலவிடுபவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரே எனலாம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவர் சொல்லும் சொல் இவருக்கு மிக நன்றாகப் பொருந்தும். மழைக்கு ஒழுகும் கன்வாஸ் கூரை, இருவருக்குமேல் இடமில்லாத இருக்கை, மேட்டில் ஏறும்போது கொதிக்கும் எஞ்சின் ஆகிய குறைகள் அனைத்தையும் அறிந்தே ஒருவர் அதனை விரும்புகிறார் என்றால், அவ்விருப்பத்தின் வேர் எங்கே இருக்கிறது? சற்று ஆராய்வோம்.

வேகமா, விருப்பமா?

ஸ்போர்ட்ஸ் கார் என்பது பந்தயக் கார் அன்று. தெருவில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட, எடை குறைந்த, ஓட்டுபவரின் கைக்கு உடனே இசைந்து கொடுக்கும் வண்டி அது. இவ்வினத்தில் புகழ்பெற்றது எம்.ஜி. நிறுவனத்தின் டி.சி. என்னும் கார். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் ஏறத்தாழ 10,000 வண்டிகள் செய்யப்பட்டன. யுத்தத்தினால் நலிந்த பிரித்தானியா, ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே முதலில் உருக்கு வழங்கிய காலம் அது. எனவே இக்கார்களுள் பெரும்பகுதி கடல் கடந்து சென்றது.

அதன் எஞ்சின் 1250 கன சென்றிமீற்றர். வலு 54 குதிரைவலு. உச்ச வேகம் மணிக்கு 75 மைலை ஒட்டியது. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கூட அதனை எளிதில் முந்திவிடும். ஆகவே வேகத்துக்காக எவரும் இன்று அதனைப் போற்றவில்லை என்பது தெளிவு. கியரை மாற்றுவதும், வளைவைக் கணிப்பதும், எஞ்சினின் ஒலியைக் கேட்டு அதன் நிலையை அறிவதும் ஓட்டுபவரின் பொறுப்பாகவே இருந்தன. இயந்திரம் மனிதனிடம் உழைப்பைக் கேட்டது. உழைத்தவன் அதன்மீது அன்பு கொண்டான்.

உக்குவளையில் வாழும் எம்மைப் போன்றோருக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. வத்தேகம வழியாகக் கண்டிக்குச் செல்லும் மலைத்தெருவில் வண்டி ஓட்டியவர்கள், ஏற்றமும் வளைவும் ஓட்டுபவனின் திறமையை எவ்வாறு சோதிக்கும் என்பதை அறிவார்கள். இலங்கையின் மோட்டார் விளையாட்டும் மலையிலேதான் பேர் பெற்றது. நுவரெலியாவுக்கு அருகே மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் தெருவில் 1934 இல் மலையேற்றப் போட்டி தொடங்கியது. கார்கள் ஒன்றோடொன்று மோதி ஓடாமல், ஒவ்வொன்றாக மேட்டில் ஏற, எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு வெற்றியை முடிவுசெய்வர். களுத்துறைக்கு அண்மையில் யுத்தகால விமான ஓடுபாதையான கட்டுக்குருந்தவும் பின்னர் பந்தயத் திடலாயிற்று. தமிழகத்தில் சோழவரத்தின் கதையும் இதுவே: அங்கும் யுத்தகால ஓடுபாதையிற்றான் சென்னைப் பந்தயங்கள் பல ஆண்டுகள் நடைபெற்றன.

தட்டுப்பாடு தந்த தேர்ச்சி

செல்வர்களின் விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிடலாமா? தொடக்கத்தில் அவ்வாறே இருந்தது. தோட்டத் துரைமாரும் நகரத்துச் செல்வந்தருமே இக்கார்களை வாங்கினர். ஆனால் 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, புதிய கார்களும் உதிரிப்பாகங்களும் வருவது அரிதாயிற்று. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த கார்களைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வெளிநாட்டில் பழைய இரும்பாகப் போயிருக்கக்கூடிய கார்கள் இங்கே உயிர் பிழைத்தன. அவற்றைப் பிழைக்க வைத்தவர்கள் பணக்காரர்கள் அல்லர். நாம் ‘பாஸ்’ என்று அழைக்கும் கராஜ் தொழிலாளர்களே. 2020 இல் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு 2025 இல் தளர்த்தப்பட்டபோது, அவர்களின் அருமையை இளைய தலைமுறையும் உணர்ந்தது.

இத்தேர்ச்சி உலகுக்கும் பயன்பட்டதுண்டு. மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பிப்பதில் பெயர்பெற்ற, இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சாள்ஸ் வெயர், அக்கார்களுக்கு வேண்டிய உடற்பாகங்களைச் செய்ய இலங்கையில் ஒரு தொழிற்சாலையை நிறுவினார். கார் பிறந்த நாட்டுக்கு இந்நாட்டுக் கைகள் பாகம் செய்து அனுப்பியது நாம் பெருமைப்படத்தக்க செய்தியல்லவா?

செவியும் விரலும்

இக்கைவினையின் நுட்பத்தைச் சிறிது பாருங்கள். டி.சி. காரின் எஞ்சினுக்கு இரண்டு கார்புரேற்றர்கள். இரண்டும் சமமாகக் காற்றை இழுத்தாலன்றி எஞ்சின் சீராக ஓடாது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒரு துண்டு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேற்றரின் வாயிலும் மாறி மாறிப் பிடிப்பார். இரண்டு சீறலும் ஒத்து ஒலிக்கும் வரை திருகாணியை மெல்லத் திருப்புவார். கம்பிச் சில்லின் கம்பிகளைச் சாவியால் தட்டி, ஒலி மங்கியது எதுவோ அதனை இறுக்குவார். வீணைக்குச் சுருதி கூட்டுவதும் இதுவும் ஒன்றே. அந்தக் காரின் இரும்புத் தகட்டுக்குள் இருப்பது மரச்சட்டம். ஈரத்தில் அது உளுத்துவிடும். ஆகவே தச்சருக்கும் அங்கே வேலை உண்டு.

இவ்வறிவு புத்தகத்தில் முழுமையாக எழுதப்படவில்லை. அது கையிலிருந்து கைக்கு வந்தது. இங்கேதான் நாம் கவலை கொள்ள வேண்டியிருக்கிறது. காருக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. அதனைப் பேணத் தெரிந்த கைகளோ குறைந்துகொண்டே வருகின்றன. கணினி பொருத்திய புதிய கார்களைப் பழுதுபார்க்கப் பயிலும் இளைஞருக்குக் கார்புரேற்றர் அந்நியமாகிவிட்டது. வேறு சிலர் பழைய காரை முதலீடாக மட்டும் வாங்கிக் கொட்டகையில் பூட்டி வைக்கிறார்கள். ஓடாத காரில் ரப்பர் வெடிக்கும். தாங்கியில் துரு ஏறும். இறுதியில் எஞ்சுவது வெறும் விலைச்சீட்டே.

ஓட்டிப் பேணுவதே சிறந்த வழி என்பதற்கு இங்கிலாந்து சான்று. வண்டிக்கு முன்னால் ஒருவர் நடந்து செல்லவேண்டும் என்ற கட்டுப்பாடு 1896 நவம்பரில் நீங்கியதன் நினைவாக, 1905க்கு முன் செய்யப்பட்ட கார்கள் ஆண்டுதோறும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடுகின்றன. தமிழர்களும் இதில் பின்தங்கவில்லை. இயந்திர மேதை ஜி.டி. நாயுடுவின் கோயம்புத்தூரில், அவர் பெயர் தாங்கிய அறநிலையத்தார் ஒரு கார் அருங்காட்சியகமே அமைத்திருக்கிறார்கள். மாணவர் கண்ணாற் கண்டு பயில அது நல்ல பாடசாலை.

எல்லோரும் இத்தகைய கார் வாங்க இயலாது, வாங்கவும் வேண்டாம். குழந்தைகளின் படிப்புச் செலவைக் குறைத்து இப்பித்தில் இறங்குவது அறிவுடைமையும் ஆகாது. ஆனால் இயந்திரத்தைப் பேணும் பண்பு எல்லோருக்கும் உரியது. பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வரும் மகாவலி நீரால் சுழலும் எமது உக்குவளை மின்நிலையம் 1976 இல் இயங்கத் தொடங்கியது. நாள்தோறும் எண்ணெயிட்டு, திருகாணி பார்த்து, தேய்ந்ததை மாற்றும் கைகள் இல்லையேல் அது என்றோ நின்றிருக்கும். மாணவர்களே! உங்கள் ஊர்க் கராஜில் முதிய பாஸ் ஒருவர் இருப்பாரானால், விடுமுறையில் ஒரு நாள் அவரருகே நின்று பாருங்கள். அவர் காதில் வைக்கும் ரப்பர்க் குழாயை நீங்களும் ஒருமுறை கேட்டு வாங்கி வைத்துப் பாருங்கள்.