பழைய பாத்திரத்துக்கும் ரசீது உண்டு

ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்ற தெருக்குரலுக்கு ஒரு காலத்தில் வீட்டை விட்டுப் போன சாமான்கள் இப்போது நல்ல விலைக்குத் திரும்பி வருகின்றன. பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் பரணில் கிடந்த வெண்கல உருளி, பித்தளைத் தவலை, சருவம், தூக்குச்சட்டி எல்லாம் கீழே இறங்குகின்றன. வீட்டில் இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்குகிறார்கள், அல்லது செல்பேசியில் படம் பார்த்து வரவழைக்கிறார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்களோடு எனக்கு வழக்கு ஏதுமில்லை. அடுப்பில் ஏற்றுகிறவர்களுக்காக எழுதுகிறேன். சமைக்கலாம் என்று சொல்லிக் கடைக்காரர் விற்கும் பழைய பாத்திரம், சட்டத்தின் கண்ணில் ஒரு நுகர்பொருள்தான். அதன் வயது விற்றவரின் பொறுப்பையும் குறைப்பதில்லை, உலோகத்தில் கலந்திருக்கும் நஞ்சையும் குறைப்பதில்லை. எனவே எந்த உலோகம், சமையலுக்கு உரியதா, உள்ளே பூசியது என்ன என்ற மூன்றும் எழுதிய ரசீது கைக்கு வராத பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்கிறேன்.

அந்தக் காலத்தில் பித்தளையில்தான் சமைத்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். ஈயம் பூசிய பித்தளையில் சமைத்தார்கள் என்பதே சரி. பாத்திரத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கி, தணலில் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் உள்பக்கம் முழுக்க ஒரே சீராகப் பரப்புவது கலாய் பூசுகிறவரின் கைவேலை. அந்த மெல்லிய வெள்ளைப் பூச்சுதான் புளிக்கும் செம்புக்கும் நடுவில் நின்றது. தேய்ந்தால் மறுபடி பூசினார்கள். பூச்சில்லாத பித்தளையிலோ செம்பிலோ புளிக்குழம்பு, ரசம், மோர், எலுமிச்சை எதுவானாலும் நேரம் ஆக ஆகக் களிம்பு இறங்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி என்று அதன் விளைவு அன்றே தெரிந்துவிடும். இது வெறும் பாட்டி சொல் அல்ல. 1955-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடை விதிகள், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தயாரித்த உணவை உண்ணத் தகாதது என்றே கருதின. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் அதைத் தொடர்ந்தது. இன்று பாத்திரம் மட்டும் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. தெருவுக்கு வந்து ஈயம் பூசியவர் திரும்பி வரவில்லை.

பூசினால் போதுமா என்றால், அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஈயம் என்ற பேரில் இரண்டு உலோகங்கள் புழங்குகின்றன. பூச்சுக்கும் ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும் உரியது வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். பேட்டரிக்குள் இருக்கும் காரீயம் 327 டிகிரியில் உருகும். இரண்டையும் கலந்தால் இரண்டையும்விடக் குறைந்த சூட்டிலேயே உருகி எளிதாகப் பரவும். வெள்ளீயத்தின் விலையோ காரீயத்தைப் போலப் பல மடங்கு. ஆக, கலப்பவருக்கு லாபமும் உண்டு, வேலையும் சுலபம். அசல் காரீயம் மங்கிய சாம்பல் நிறம் காட்டும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் கோடு விழும். ஆனால் கலவையாக இருந்தால் எந்த வீட்டுச் சோதனையும் உறுதி தராது. எக்ஸ் கதிர் கருவியோ ஆய்வகமோதான் சொல்லும். பூச்சோடு முடியவும் இல்லை. பழைய வால்வு, குழாய் போன்ற கடைசல் வேலைப் பித்தளையில் வெட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று காரீயம் சேர்ப்பது வழக்கம். அவற்றைக் காயலான் கடையில் திரட்டி உருக்கி வார்த்து, பழசு போலக் கறுக்க வைத்த ‘பாரம்பரிய’ உருளியில் அதுவும் சேர்ந்தே வரும்.

ப்யூர் எர்த் அமைப்பு 25 நாடுகளின் சந்தைகளில் வாங்கிச் சோதித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், உலோகப் பாத்திரங்களில் ஏறத்தாழப் பாதியில் காரீயம் வரம்பை மீறியிருந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்த இறக்குமதிப் பாத்திரங்களில் அலுமினியம், பித்தளையோடு நம் வீடுகளில் இண்டாலியம் என்று வழங்கும் கலப்பு உலோகமும் இருந்தது. காரீயம் களிம்பைப் போல அன்றே வாந்தியாக வந்து எச்சரிக்காது. ருசியில் தெரியாது, எலும்பில் போய்த் தங்கும். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்றும் அது சொல்கிறது. அறிவு வளர்ச்சி குன்றும், ரத்தசோகை வரும், கர்ப்பிணியிடமிருந்து கருவுக்கும் போகும். இந்தியாவில் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பதாக 2022-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை குறிப்பிடுகிறது. எல்லாம் பாத்திரத்தால் வந்ததல்ல. பேட்டரி உருக்குவது, பெயின்ட், மசாலாக் கலப்படம் எல்லாம் பங்காளிகள். ஆனால் இவற்றில் ஒரு குடும்பம் நாளைக் காலையே நிறுத்தக்கூடியது பாத்திரம் ஒன்றுதான்.

நம் முன்னோர் இதில் சாப்பிட்டுத்தானே நன்றாக இருந்தார்கள் என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். அவர்கள் காப்பாற்றிய முறை வேறு என்பதே பதில். தெரிந்த கன்னாரிடம் வாங்கினார்கள், பூச்சைக் கவனித்தார்கள், குழம்பைப் பித்தளையிலேயே ராத்திரி முழுக்க வைக்காமல் மண்சட்டிக்கு மாற்றினார்கள். அப்படியும் யாருக்கு என்ன நேர்ந்தது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தவர் எவருமில்லை. நான்ஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் மட்டும் ஒழுங்கா என்பது இன்னொரு கேள்வி. நியாயமானதுதான். ஆனால் அதற்கு விடையாகத் தெரியாத உலோகத்தைத் தேட வேண்டியதில்லை. இரும்புத் தோசைக்கல், கல்சட்டி, ஆட்டுரல், அம்மி எல்லாம் அதே பழைய சமையலறையிலிருந்து வந்தவைதான், தைரியமாகப் புழங்கலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் எனாமல் தட்டுகள் அழகானவை. விளிம்பு பெயர்ந்து துருவேறியிருந்தால் சுவரில் மாட்டுவதோடு நிறுத்த வேண்டும். பழைய குக்கரில் ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் அந்தந்த நிறுவனத்தின் அசல் பாகங்களாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். எர்த் இல்லாத உலோக உடல் மிக்ஸியை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சொருகவே கூடாது.

உரிமைக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளால் விளையும் தீங்குக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. அதன் 86-ஆம் பிரிவைப் பழம்பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளை ஒருவர் விற்றால், அதனால் வரும் தீங்குக்கு விற்றவரே பொறுப்பு. முத்திரையில்லாத உருளிக்கும் வார்த்தவர் பெயர் தெரியாத சொம்புக்கும் இதைவிடப் பொருத்தமான பிரிவு இருக்க முடியாது. ‘பழசு, எனக்கென்ன தெரியும்’ என்ற பதில் அங்கே எடுபடாது. தொழிலாகப் பழுது பார்ப்பவரையும் சட்டம் விற்பவர் என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. ஆகவே ஈயம் பூசிக் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் இதற்கு எல்லையும் இருக்கிறது. வாங்கியவர் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ விற்றவர் தப்பிக்க 87-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அலங்காரத்துக்கு என்று எழுதிக் கொடுத்ததில் சாம்பார் வைத்தால் வழக்கு நிற்காது. தொழிலாக விற்காமல், வீட்டுச் சாமானை ஒருமுறை விற்ற பக்கத்து வீட்டு அத்தையையும் இந்தச் சட்டத்தில் பிடிக்க முடியாது. சமையலுக்கு என்ற சொல் ரசீதில் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ரசீது இன்னொரு விதத்திலும் காக்கும். நம் ஊர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது வழக்கம். கோவிலுக்கு உபயம் செய்த அண்டாவிலும் பெயர் இருக்கும். அப்படி ஒன்று விலைக்கு வந்தால் வாங்காமல் விடுவதே நல்லது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. துபாயில் இருக்கும் மகளுக்குக் கொள்ளுப்பாட்டியின் உருளியைக் கொடுத்தனுப்புவோர், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னதாகவே பெறுவது நல்லது.

சின்ன வியாபாரியிடம் போய்ப் பில் கேட்டு அவர் பிழைப்பைக் கெடுப்பதா என்று சிலர் வருந்தலாம். சுத்த வெள்ளீயம் வாங்கிப் பூசுகிறவருக்குச் செலவு அதிகம். எழுத்து இல்லாத சந்தையில் காரீயம் கலப்பவர்தான் குறைந்த கூலி சொல்லி அவரைத் தோற்கடிக்கிறார். காரீயப் புகையை முதலில் சுவாசிப்பதும் அந்தத் தொழிலாளியே. ஒரு துண்டுத் தாளில் ‘வெள்ளீயப் பூச்சு, சமையலுக்கு’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அதற்குக் கூடுதலாகக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டும்.

இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டிக்கு யார் கோர்ட்டுக்குப் போவது என்ற சலிப்பு, சட்டத்தைப் பற்றிய தவறான எண்ணத்தில் பிறப்பது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. விற்றவர் சென்னையில் இருந்தாலும் மொரதாபாத்தில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினாலே பல தகராறுகள் தீர்கின்றன. இணையக் கடையானால், அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு விதிகள். ஐ.எஸ்.ஐ. தரத்துக்குட்படாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், விற்பனையான 2,265 குக்கர்களை வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. குற்றால சீசனில் பாரம்பரியச் சமையல் என்று, பூச்சுப் பெயர்ந்துபோன பித்தளையில் சமைக்கும் உணவகம் கண்ணில் பட்டால், அது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம்.

வழக்கென்று வந்தால், கண்ணுக்குத் தெரியாத குறையைச் சோதிக்கப் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும். எனவே சந்தேகம் வந்த அன்றே பாத்திரத்தைச் சமையலிலிருந்து விலக்கி, புளி போட்டுத் தேய்க்காமல், மறுபூச்சு போடாமல் அப்படியே கட்டி வைக்க வேண்டும். வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் மருத்துவரிடம் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லி, ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுப் பெற்று, அந்த அறிக்கையை ரசீதோடு சேர்த்து வைக்க வேண்டும். புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதன் பிறகும் ஆணையம் ஏற்கலாம்.