தள்ளி நின்ற தளபதி

2020 செப்டம்பர் கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு ஒரு பழைய கப்பல் உடைபட வந்து சேர்ந்தது. ஐ.என்.எஸ். விராட் என்ற பெயரில் முப்பது ஆண்டுகள் இந்தியக் கடற்படையில் இருந்த விமானந்தாங்கிக் கப்பல் அது. நம்மிடம் வருவதற்கு முன்பு அதன் பெயர் ஹெர்மிஸ். 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிக்கொண்டபோது பிரிட்டிஷ் போர்க்கப்பல் அணிக்கு அதுதான் தலைமைக் கப்பல். அதில் இருந்தபடி அணியை நடத்தியவர் ரியர் அட்மிரல் சாண்டி உட்வர்ட். பெரும்பாலான நாட்கள் ஹெர்மிஸை அவர் தீவுகளுக்கு வெகு கிழக்கே, எதிரி விமானங்கள் எட்டிப்பிடிக்கச் சிரமப்படும் தூரத்தில் வைத்திருந்தார். அவ்வளவு கிழக்கே நின்றதற்கு அவருக்கு பர்மா போர்முனைக்கான பதக்கம்தான் கொடுக்க வேண்டும் என்று கரைப்பக்கம் அடிவாங்கியவர்கள் கேலி பேசினார்கள். அந்தத் தூரம்தான் பிரிட்டனுக்குப் போரை வென்று கொடுத்தது என்பது என் கட்சி. எதை அனுப்பலாம், எதை அனுப்பவே கூடாது என்று பிரித்துப் பார்ப்பதும், பிரித்தபின் யார் என்ன சொன்னாலும் அசையாமல் இருப்பதும்தான் கடற்படைத் தளபதியின் வேலையில் முக்கால் பங்கு.

கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் இது புரியும். ஏப்ரல் 5 அன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அணிக்கு முன்னால் எட்டாயிரம் மைல் கடல். விமானந்தாங்கிகள் இரண்டே: ஹெர்மிஸ், இன்வின்சிபிள். இரண்டிலும் சேர்த்து இருபது சீ ஹாரியர் விமானங்கள். தாழப் பறந்து வரும் எதிரியை மேலிருந்து பார்த்து முன்கூட்டியே சொல்லும் ரேடார் விமானம் ஒன்றுகூட இல்லை. அதைச் சுமந்த ஆர்க் ராயல் கப்பலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஓய்வு கொடுத்திருந்தார்கள். மே முதல் வாரத்திலேயே இருபது சீ ஹாரியர் பதினேழாகிவிட்டது. மே 4 அன்று ஒன்று சுடப்பட்டது; மே 6 அன்று இரண்டு, மோசமான வானிலையில் போன இடம் தெரியாமல் போயின. எதிர்ப்பக்கம் விமானத்திலிருந்து ஏவும் எக்சோசெட் ஏவுகணைகள் ஐந்து இருந்தன. அவற்றில் ஒன்று ஹெர்மிஸின் மேல்தளத்தைக் கிழித்திருந்தால் தீவுகளின் மேல் பறக்கப் போதுமான விமானம் இருந்திருக்காது. விமானம் இல்லாமல் துருப்புகளைக் கரையில் இறக்க முடியாது. இறக்காமல் போரும் இல்லை. ஃபிரிகேட் ஒன்று போனால் துக்கம், விமானந்தாங்கி ஒன்று போனால் தோல்வி. பஞ்சத்திலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாத சம்சாரியின் கணக்கு இது.

விதைநெல்லை ஒளித்து வைப்பது கணக்கில் சுலபமான பாதி. மற்ற பாதி, அதற்குப் பதிலாக யாரை முன்னால் நிறுத்துவது என்பது. ஷெஃபீல்ட் என்ற டெஸ்ட்ராயர் காவல் கப்பலாக முன்வரிசையில் நின்றதால்தான் மே 4 அன்று எக்சோசெட்டுக்கு இரையாயிற்று. இருபது பேர் செத்தார்கள். இதைவிடக் கடினமான ஓர் உத்தரவை உட்வர்ட் அடுத்த வாரம் போட்டார். துருப்புகளை இறக்கத் தேர்ந்தெடுத்த சான் கார்லோஸ் விரிகுடா, இரண்டு பெரிய தீவுகளுக்கும் நடுவே ஓடும் ஜலசந்தியின் வட கோடியில் இருக்கிறது. அங்கே கடற்கண்ணிகள் மிதக்கின்றனவா என்பது யாருக்கும் தெரியாது. கண்ணி வாரும் கப்பல்களும் அவரிடம் இல்லை. ஆயிரக்கணக்கான துருப்புகளோடு வரும் கப்பல்கள் போய் முட்டித் தெரிந்துகொள்வதைவிட ஒரு ஃபிரிகேட் முட்டித் தெரிந்துகொள்வது மேல். மே 10 இரவு அலாக்ரிட்டி என்ற ஃபிரிகேட்டை அந்த ஜலசந்தி வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகச் சொன்னார். எதற்காக என்பதை விளக்கமாகச் சொல்லவில்லை. கப்பலின் கேப்டனுக்குச் சொல்லாமலே புரிந்தது. கும்மிருட்டில் உள்ளே நுழைந்த அலாக்ரிட்டியின் ரேடாரில் ஒரு கப்பல் தட்டுப்பட்டது. பீரங்கியால் சுட்டதும் எரிபொருளும் வெடிபொருளும் ஏற்றியிருந்த அந்த அர்ஜென்டினச் சரக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. விடியும்முன் வடக்கு வாயில் வழியாக வெளியே வந்தபோது சான் லூயிஸ் என்ற நீர்மூழ்கி டார்பிடோ ஏவியும் படவில்லை. கண்ணியும் இல்லை. பத்து நாள் கழித்து துருப்புகள் சான் கார்லோஸில் இறங்கின. சுமார் 175 உயிர்களை உரைகல்லாக வைத்த உத்தரவு அது என்பதை மறைக்க முடியாது. அதைப் போட ஒருவர் தேவைப்பட்டார் என்பதையும் மறுக்க முடியாது.

செயற்கைக்கோள் வந்தபின் கடலில் இருக்கும் தளபதி வெறும் தபால்காரர், முடிவெல்லாம் தலைநகரில் எடுக்கப்படுகிறது என்பார்கள். இதில் பாதி உண்மை. லண்டனுக்கு அருகே நார்த்வுட்டில் உட்கார்ந்திருந்த அட்மிரல் ஃபீல்ட்ஹவுஸ்தான் ஒட்டுமொத்தத் தளபதி. நீர்மூழ்கிகள் உட்வர்ட்டின் கையில் இல்லவே இல்லை. இத்தனைக்கும் அவரே நீர்மூழ்கியில் வளர்ந்தவர். மே 2 அதிகாலை, வடக்கே அர்ஜென்டின விமானந்தாங்கியும் தெற்கே ஜெனரல் பெல்கிரானோ என்ற குரூசரும் இடுக்கி மாதிரி தன்னை நெருங்குவதாகக் கணித்தவர், தனக்கு அதிகாரமில்லை என்று தெரிந்தே காங்கரர் நீர்மூழ்கிக்குத் தாக்குதல் உத்தரவை அனுப்பினார். தலைமையகம் அந்தச் செய்தியைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தியது. ஆனால் ஆபத்து எவ்வளவு அருகில் என்பது மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. மார்கரெட் தாட்சரின் போர் அமைச்சரவை தாக்குதல் விதியைத் தளர்த்தியது. அன்று பிற்பகல் பெல்கிரானோ மூழ்கியது, 323 பேர் இறந்தார்கள். தீவுகளைச் சுற்றி பிரிட்டன் அறிவித்த 200 மைல் தடை வட்டத்துக்கு வெளியே, தாய்நாட்டை நோக்கி முகம் திருப்பியிருந்த கப்பலை அடித்தது சரியா என்ற சர்ச்சை ஓயவில்லை, ஓயவும் வேண்டாம். அதற்குப்பின், நீர்மூழ்கி தவிர, அர்ஜென்டினாவின் பெரிய போர்க்கப்பல்கள் தங்கள் கரையோரத்தைவிட்டு வரவில்லை என்பது மட்டும் உறுதி. ஒப்புதல் லண்டனுடையது, கேள்வியை எழுப்பியது கடலில் இருந்தவர்.

ஒப்புதல் கேட்க நேரமே இல்லாத தருணங்களும் உண்டு. ஏப்ரலில் அணி தெற்கே போய்க்கொண்டிருந்தபோது அர்ஜென்டினாவின் போயிங் 707 ஒன்று வேவு பார்க்க வந்து போனது. மறுபடி வந்தால் சுடலாம் என்று உட்வர்ட்டுக்கு அனுமதியும் கிடைத்தது. ஓர் இரவு, ரேடாரில் உயரத்தில் ஒரு விமானம் நேராக அணியை நோக்கி வந்தது. இன்வின்சிபிளின் ஏவுகணை குறி பார்த்துவிட்டது. உட்வர்ட் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பக்கம் பயணிகள் விமானப் பாதை ஏதாவது உண்டா? வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தார்கள். டர்பனில் தொடங்கிய கோடு, ரியோ டி ஜெனீரோவில் போய் முடிந்தது. சுடாதே என்று உத்தரவு போயிற்று. வந்தது பிரேசிலின் பயணிகள் விமானம். ஆறு ஆண்டுகள் கழித்து, 1988 ஜூலை 3 அன்று, பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் வின்சென்ஸ் கப்பல் இதேபோன்ற சில நிமிடங்களில் மறுபக்கம் சாய்ந்தது. ஈரான் பயணிகள் விமானத்தில் இருந்த 290 பேரும் இறந்தார்கள். தலைநகரோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. எக்சோசெட் வந்த வேளையில் ஷெஃபீல்ட் செயற்கைக்கோள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த அலைகளே எதிரி ரேடாரை மோப்பம் பிடிக்கும் கருவியைக் குருடாக்கிவிட்டன.

தளபதி தள்ளி நின்றதற்கு விலை கொடுத்தது வேறு யாரோ அல்லவா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஆம், கொடுத்தார்கள். விமானந்தாங்கிகள் தொலைவில் நின்றதால் ஹாரியர்கள் எரிபொருளைப் போகவர எரித்துவிட்டு, சான் கார்லோஸின் மேல் சொற்ப நேரமே சுற்ற முடிந்தது. அந்த இடைவெளியில் அர்ஜென்டின விமானிகள் மலையை ஒட்டித் தாழ வந்து குண்டு போட்டார்கள். அசாத்தியத் துணிச்சல். ஆர்டன்ட், ஆன்டலோப், காவென்ட்ரி என்று ஐந்து நாளுக்குள் மூன்று போர்க்கப்பல்கள் போயின. மிகத் தாழ்விலிருந்து விழுந்ததால் பல குண்டுகள் வெடிக்காமல் போகாதிருந்தால் கணக்கு இன்னும் மோசமாகியிருக்கும். மே 25 அன்று விமானந்தாங்கிகளைத் தேடி வந்த எக்சோசெட், பக்கத்தில் நின்ற அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்துக்கொண்டது. அதோடு துருப்புகளைச் சுமக்க வேண்டிய ஹெலிகாப்டர்களும் எரிந்தன. சிப்பாய்கள் மூட்டையோடு தீவைக் குறுக்கே நடந்தார்கள். இதையெல்லாம் தளபதியின் கணக்கிலிருந்து கழிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தச் சரக்குக் கப்பலின் இடத்தில் ஹெர்மிஸ் இருந்திருந்தால், கரையில் இறங்கிவிட்ட அத்தனை பேரும் மேலே போதுமான விமானத் துணை இல்லாமல் அங்கேயே அகப்பட்டிருப்பார்கள். கிழக்கே நின்றதைக் குறை சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாற்பதாண்டுக்கு முந்தைய கதை, இன்று ட்ரோன் காலம் என்று தள்ளிவிடலாமா? 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் அணியின் தலைமைக் கப்பலான மாஸ்க்வா, கரையிலிருந்து ஏவிய உக்ரைன் ஏவுகணைகளுக்கு எட்டும் தூரத்தில் நடமாடி மூழ்கியது. பிறகு செவஸ்தபோலில் இருந்த கப்பல்களில் பலவற்றை ரஷ்யா கிழக்கே நொவொரசீஸ்க்குக்கு நகர்த்தியது. தூரத்தின் அளவு மாறியிருக்கிறது, கணக்கு அதேதான்.

தள்ளி நிற்பதற்கும் ஒரு கெடு உண்டு, அதுவும் உட்வர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. தென்பாதியில் ஜூன் என்றால் குளிர்காலம். பழுது பார்க்கத் துறைமுகம் கிடையாது. மே 16-க்கும் 25-க்கும் இடையே தரையிறங்கியே தீர வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னோக்கி அவர் நாள் குறித்தது அதனால்தான். ஜூன் 13 அன்று அவர் அணியில் ஏதாவதொரு முக்கியக் கருவி பழுதாகாத கப்பலை விரல்விட்டு எண்ணலாம். மறுநாள் தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியில் இருந்த அர்ஜென்டினப் படை சரணடைந்தது.