மாணவரின் ஒரு நாட் பயணம்

கைப்பொருள் குறைந்த பல்கலைக்கழக மாணவர் சிலர், தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளிற் கண்டுவிட விழைகின்றனர். இதற்கு நான் உடன்படேன். பகற்பொழுது பேருந்திலேயே கழிந்துவிடும். தாராசுரத்தின் சிறு சிற்பங்களுக்கே ஒரு நாள் போதாது.

சிதம்பரத்தில் பயில்வோர், விடியலில் காட்டுமன்னார்கோயில் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறுவார்களாக. லால்பேட்டையில் இறங்கினால் வீராணம் ஏரி. முதற் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில் எழுந்த அவ்வேரி, இன்றும் வயல்களுக்கு நீரூட்டுகின்றது. 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் தருகின்றது. மடையருகே நிற்கும் உழவரிடம் பணிவோடு வினவுங்கள். நூல்களில் இல்லாத செய்திகள் கிடைக்கும். கோயிலை மட்டும் நாடி விரைவோர் இழப்பது இதனைத்தான்.

முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை மாலை வெயிலிற் காண்க. நண்பகலில் கற்றரை காலைச் சுடும். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை, இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளல் நன்று.