நெருக்கினால் நேராகும் குச்சிகள்

‘என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, அது கூடிக்கொண்டே போகும் என்று படித்தோம். அப்படியானால் திரவப் படிகத்தில் துகள்கள் தாமாக வரிசை கட்டுவது எப்படி?’ ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் படித்த காலத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

தொலைக்காட்சித் திரையில் இருக்கும் திரவப் படிகத்தில் மூலக்கூறுகளின் ஈர்ப்புக்கும் பங்கு உண்டு, அது குழப்பும். அதைவிடத் தெளிவான உதாரணம் புகையிலையைத் தாக்கும் தேமல் வைரஸ். 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன், வளையாத குச்சி. ஏறக்குறைய எல்லாமே ஒரே நீளம். 1936-இல் இங்கிலாந்தில் பாவ்டன், பிரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதன் கரைசலைத் தயாரித்தபோது ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். கரைசல் போதிய அளவு செறிவானதும் தானாகவே இரண்டு அடுக்காகப் பிரிந்தது. குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு இடையில் பார்த்தால் மேலடுக்கு இருண்டு கிடந்தது, கீழடுக்கு ஒளிர்ந்தது. கீழே குச்சிகள் எல்லாம் ஒரே திசை நோக்கி நின்றதுதான் காரணம். யார் நிறுத்தியது?

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப்பேருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான். அம்மா வீட்டிலேயே குச்சி அடுக்குவார். தாறுமாறாகக் கிடக்கும் குச்சிகளைத் தட்டில் அள்ளிப் போட்டு நாலு குலுக்கு குலுக்குவார். “ஒண்ணொண்ணாப் பொறுக்குனா விடிஞ்சிரும்ல. குலுக்கு, அதுவே படுக்கும்” என்பார். படுத்துவிடும்.

வைரஸ் குச்சிகளைக் குலுக்குவது வெப்பம். நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதி அவற்றை உருட்டிக்கொண்டே இருக்கின்றன. (அம்மாவின் தட்டில் புவியீர்ப்பும் சேர்ந்து வேலை செய்தது, ஒப்புமையை அதற்குமேல் இழுக்கக் கூடாது.)

மீதியை 1949-இல் லார்ஸ் ஆன்சாகர் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால், ஒன்று மற்றொன்றை அண்டவிடாமல் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். இணையாகக் கிடந்தால் அந்தத் தடை மிகவும் சுருங்கிவிடும். வரிசையில் நிற்கும் குச்சி இஷ்டத்துக்குத் திரும்பும் சுதந்திரத்தை இழக்கிறது. பதிலுக்கு முன்னும் பின்னும் நகர இடம் கிடைக்கிறது. கூட்டம் குறைவாக இருக்கும்வரை திரும்பும் சுதந்திரமே பெரிது. நெரிசல் கூடினால் நகரும் சுதந்திரம் ஜெயிக்கிறது. அதாவது வரிசை கட்டியபோது மொத்த என்ட்ரோபி கூடித்தான் இருக்கிறது! ஈர்ப்பு, பசை எதுவுமே தேவையில்லை.

தடிமனைப்போல் 100 மடங்கு நீளமான குச்சி என்றால், கரைசலின் கன அளவில் சுமார் 3.3 சதவீதம் குச்சி சேர்ந்ததுமே பிரிவு தொடங்கும் என்கிறது அந்தக் கணக்கு. 4.2 சதவீதத்தைத் தாண்டினால் முழுவதும் வரிசைதான். இடைப்பட்ட அளவில் இரண்டு அடுக்கும் சமநிலையில் இருக்கும். இன்னும் கொஞ்சம் குச்சி சேர்த்தால் கீழடுக்கின் உயரம் கூடும், செறிவு கூடாது. 97 பங்கு தண்ணீரில் 3 பங்கு குச்சிக்கு நெரிசலா என்று முதல்முறை படித்தபோது நான் நம்பவில்லை.

எனக்குப் பாடம் எடுத்தவர் என்ட்ரோபிக்குக் கலைந்துகிடக்கும் அறையை உதாரணம் சொன்னார். நானும் அதையே எழுதி மதிப்பெண் வாங்கினேன். துகள்கள் எத்தனை விதமாக இருந்துகொள்ள முடியும் என்ற கணக்குதான் என்ட்ரோபி என்பது மண்டையில் ஏற இருபது வருடம் ஆனது. ‘ஒழுங்கின்மை’ என்ற ஒற்றைச் சொல்லை மனப்பாடம் செய்யவைத்து, இப்படியொரு கேள்வியே எழாமல் செய்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே மாணவிக்கு: இதே கேள்வியை வகுப்பிலும் கேளுங்கள். அதற்குமுன் ஒரு டிபன் தட்டில் குச்சிகளைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். தீக்குச்சி வேண்டாம், விளக்குமாற்று ஈர்க்கை ஒரே அளவாக ஒடித்துப் போட்டால் போதும்.