மடிநோய்க்குத் தயிர்க் கிருமி மருந்தாகுமா?

ஸ்ரீரங்கம் தீவிலும் காவிரி, கொள்ளிடக் கரையோரக் கிராமங்களிலும் வாழை, நெல்லோடு இரண்டு மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அறுவடை வரும்வரை கைச்செலவுக்குப் பால் பணம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொழுவம் சேறாகும்போது அந்தப் பணத்துக்கு முதல் எதிரி மடிநோய்.

மடி வீங்கி, பால் திரிந்து வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். வெளியே தெரியாத மடிநோய்தான் அதிக நஷ்டம் தரும். மாடு நன்றாகத் தீவனம் எடுக்கும். பாலும் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் கறவை குறையும். கொழுப்பில்லாத திடச்சத்து குறைவதால் சங்கத்தில் விலையும் குறையும்.

இதற்கு ஆன்டிபயாடிக் மருந்துகளைக் காம்பு வழியே செலுத்துகிறோம். மருந்து உறையில் குறிப்பிட்டுள்ள நாள் வரை பாலை விற்கக்கூடாது. மருந்தைப் பாதியில் நிறுத்தினாலும், தேவையின்றிப் போட்டாலும் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். இந்தக் காரணத்தால்தான் மத்திய அரசு 2019-ல் கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடை செய்தது. மாற்று வழி தேடும் விஞ்ஞானிகளின் பார்வை தயிர்க் கிருமிகளின் மீது விழுந்துள்ளது.

கிருமிக்குக் கிருமி எதிரி

பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளில் சில, போட்டிக்கு வரும் மற்றக் கிருமிகளைக் கொல்ல ஒரு சிறு புரதத்தைச் சுரக்கின்றன. இதற்குப் 'பாக்டீரியோசின்' என்று பெயர். லேக்டோகாக்கஸ் லாக்டிஸ் சுரக்கும் 'நிசின்' இவற்றில் நன்கு அறியப்பட்டது. இதன் செயல் 1928-ல் அமெரிக்காவில் முதலில் கவனிக்கப்பட்டது. பாலாடைக்கட்டி போன்ற உணவுகள் கெடாமலிருக்க 1969 முதல் உலக அளவில் ஏற்கப்பட்டுள்ளது.

நிசின் எதிரிக் கிருமியின் சவ்வில் துளையிடுகிறது. உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகிறது. புரதம் என்பதால் மனித வயிற்றில் செரித்துவிடும். அமெரிக்காவில் காம்பு துடைக்கும் ஈரத்துணியில் இதைச் சேர்த்து விற்றார்கள்.

அயர்லாந்து விஞ்ஞானிகள் கெஃபிர் என்னும் புளித்த பாலின் நுண்ணுயிரியிலிருந்து 'லேக்டிசின் 3147' என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். பால் வற்றவிடும் காலத்தில் காம்புத் துளையை அடைக்கும் களிம்பில் இதைக் கலந்து 1990-களில் சோதித்தனர். வெறும் களிம்பு வைத்த காம்புகளைவிட, லேக்டிசின் கலந்த களிம்பு வைத்தவற்றில் நோய் மிகவும் குறைந்தது.

எல்லை எது?

நிசினும் லேக்டிசினும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகளைத் தாக்கும். சாணத்திலும் சேற்றிலும் இருந்து மடிக்குள் ஏறும் ஈகோலை கிருமியிடம் தனியாக இவற்றின் வேகம் செல்லாது. ஈகோலையின் வெளியுறை தடுத்துவிடும். ஆகவே எந்த மருந்து வந்தாலும் மழைக்காலத்தில் உலர்ந்த தரைக்கு ஈடு இல்லை.

முக்கிய எச்சரிக்கை: தயிரையோ மோரையோ காம்புக்குள் செலுத்தாதீர்கள். ஆய்வில் பயன்படுவது தனித்துப் பிரித்த, அளவிட்ட பொருள். வீட்டுத் தயிரில் ஈஸ்ட்டும் பிற கிருமிகளும் கலந்திருக்கும். மடி கெட்டுப்போகும்.

இப்போது செய்ய வேண்டியவை

* 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூள் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் சம அளவு கலந்து சுழற்றுங்கள். கஞ்சிபோல் கெட்டியானால் மடிநோய் இருக்கலாம். சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள்.

* நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறங்கள். முதல் பீய்ச்சலைத் தரையில் விடாமல் தனிக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள்.

* கறந்ததும் காம்புகளை 0.5 சதவீதப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காதபடி தீவனம் போடுங்கள்.

* கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பே பாலை வற்றவிடுங்கள். அப்போது போட வேண்டிய மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

* நோயின் தொடக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகைக் கலவையை மடியின் வெளிப்புறம் பூசலாம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர் விட்டுத் தளர்த்தி, நாளுக்குப் பல முறை தடவ வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ, மடி கல்லாக இறுகினாலோ காத்திருக்காதீர்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தையோ உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தையோ அணுகினால் மேலும் விளக்கம் கிடைக்கும். பாக்டீரியோசின் மருந்து நம் கைக்கு வரும் நாளில், சுத்தமான தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கே அதன் முழுப் பலனும் கிடைக்கும்.