எத்தனை மாடுகளில் சோதித்தார்கள்?

புதிய தீவனம் கொடுத்ததும் பால் கூடினால், அது தீவனத்தின் பலன்தான் என்று முடிவு செய்துவிடக் கூடாது. கன்று ஈன்றபின் ஆறு முதல் எட்டு வாரம் வரை பால் தானாகவே கூடும். மேலும், மாட்டுக்கு மாடு கறவை மாறுபடும்.

ஆகவே ஆராய்ச்சியில் ஒரே இனமும், ஒத்த ஈற்றும், ஒத்த கறவைக் காலமும் உள்ள மாடுகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அத்தீவனத்தைக் கொடுப்பர். கூடுதல் சிறிதானால் மாடுகள் அதிகம் தேவை. உதாரணமாக, ஒரு லிட்டர் கூடுதலை உறுதிசெய்யப் பிரிவுக்கு 16 மாடுகள் வேண்டுமென்றால், அரை லிட்டருக்கு நான்கு மடங்காக 64 வேண்டும். மாடுகள் குறைந்தால் முடிவை நம்ப முடியாது. மிகுந்தால் செலவு வீண்.

தீவனம் விற்க வருபவரிடம், “எத்தனை மாடுகளில், எதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?” என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுப்பது நலம்.